சின்னக் குளம்தானே என்று விட முடியாது: மலையகத்தின் மண் அணைகள்

மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மலையகத்தில் வானொலிச் செய்தி ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கும். மேல் கொத்மலை வான்கதவு திறக்கப்பட்டது, லக்சபானவில் திறக்கப்பட்டது, காசல்ரீ நிரம்பி வான் (மிஞ்சும் தண்ணீர் வழியும் வழி) பாய்கிறது, ஆற்றோரத்தில் இருப்பவர்கள் அவதானமாக இருங்கள். இந்தப் பெரிய அணைகளுக்குப் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். நீர்மட்டம் பார்க்க அளவுகோல் இருக்கிறது, கேட்டால் பதில் சொல்ல ஓர் அலுவலகம் இருக்கிறது. அதே மழை, அதே இரவில், தேயிலை மலைக்கும் காட்டுத் தொங்கலுக்கும் நடுவில் கிடக்கும் இரண்டு மூன்று ஏக்கர் குளத்தையும் நிரப்புகிறது. அதைப் பற்றி எந்தச் செய்தியும் வராது. அதன் கட்டு வெறும் மண். கட்டுக்குக் கீழே ஓடை, ஓடைக் கரையில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம்.

இப்படிப்பட்ட குளங்கள் பல வகை. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தொழிற்சாலைக்கு டர்பைன் சுற்ற ஓடையை மறித்துக் கட்டியவை சில. லயங்களுக்குக் குடிதண்ணீர் கொடுக்க வெட்டியவை சில. நுவரெலியா, வெலிமடைப் பக்கம் மரக்கறிச் செய்கைக்காகக் கட்டியவை, பள்ளத்தாக்கு வயல்களுக்காகக் கட்டியவை என்று இன்னும் இருக்கின்றன. படகு விடும் நகர வாவிகளும் இந்தக் குடும்பம்தான். கண்டி வாவி 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயல்வெளியை மறித்துக் கட்டியது. நுவரெலியாவின் கிரகரி வாவி 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் வந்தது. நகரத்துக்கு நடுவில் இருப்பதால் அவற்றைத் தினமும் ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். தோட்டத்துக் குளத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பெரிய அணை என்றால் என்ன என்பதற்குச் சர்வதேசப் பெரிய அணைகள் ஆணைக்குழு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அத்திவாரத்திலிருந்து 15 மீற்றர் அல்லது அதற்கு மேல் உயரம் இருக்க வேண்டும். அல்லது உயரம் 5 முதல் 15 மீற்றருக்குள் இருந்து, 30 இலட்சம் கன மீற்றருக்கு மேல் தண்ணீர் பிடிக்க வேண்டும். தோட்டத்துக் குளங்கள் இதில் எதற்கும் கிட்ட வராது. அதனால் அவை சின்ன அணைகள். ஆனால் கீழே குடியிருப்பவருக்கு இந்தக் கணக்கு உதவாது. வேறொரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்று ஏக்கர் பரப்பு, சராசரியாக நான்கு மீற்றர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கர் 4047 சதுர மீற்றர். பெருக்கினால் ஏறத்தாழ 48,500 கன மீற்றர், அதாவது 48,500 தொன் தண்ணீர். கட்டு உடைந்து அது அரை மணித்தியாலத்தில் வெளியேறினால், செக்கனுக்குச் சராசரியாக 27 கன மீற்றர். சாதாரண நாளில் பிள்ளைகள் கல்லுக்குக் கல் தாவிக் கடக்கும் ஓடையில் அத்தனையும் இறங்கும். சமதரையில் என்றால் வெள்ளம் பரந்து வேகம் குறையும். மலையில் பரவ இடமில்லை. வழியில் உள்ள மண்ணையும் பாறையையும் மரத்தையும் சேர்த்துக்கொண்டு ஒரே பள்ளத்தில்தான் வரும்.

மண் அணை உடைந்தால் என்ன ஆகும் என்பதை இலங்கை ஒருமுறை பார்த்திருக்கிறது. 1986 ஏப்ரல் 20, விடியப் பல மணி நேரம் இருக்கையில், திருகோணமலை மாவட்டத்தின் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பழைய, பெரிய குளம் அது. தோட்டத்துக் குளத்தோடு அளவில் ஒப்பிட முடியாது. ஆனாலும் அங்கே நடந்த இரண்டு விஷயம் இங்கேயும் பொருந்தும்: நூற்றாண்டுகளாக நின்ற கட்டும் ஓர் இரவில் போகும், அது போகும் நேரத்தில் ஆட்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

மண் அணை எப்படி நிற்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்தால்தான் எப்படி உடைகிறது என்பது விளங்கும். அது தண்ணீரை முழுதாக அடைத்து நிறுத்துவதில்லை. தன் எடையால் தாங்கிக்கொண்டு, மண் துகள்களுக்கு நடுவே தண்ணீர் ஊர்வதை மிக மிக மெதுவாக்குகிறது, அவ்வளவுதான். ஆகவே எல்லா மண் அணையும் கசியும். கசிகிறது என்று யாராவது சொன்னால் உடனே பதற வேண்டியதில்லை, “அது எப்பவும் கசியும்” என்று தட்டிவிடவும் கூடாது. எங்கே கசிகிறது, எவ்வளவு கசிகிறது, போன மாதத்தைவிடக் கூடியிருக்கிறதா, எல்லாவற்றுக்கும் மேலாக, வருகிற தண்ணீர் தெளிவாக இருக்கிறதா கலங்கலாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். தெளிந்த தண்ணீர் கட்டுக்குள் இருந்து தண்ணீரை மட்டும் கொண்டுவருகிறது. கலங்கல் தண்ணீர் கட்டையே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவருகிறது.

உலகத்தில் உடைந்த மண் அணைகளை எடுத்துப் பார்த்தால் மிகப் பெரும்பாலானவை இரண்டு வழியில்தான் போயிருக்கின்றன. ஒன்று, தண்ணீர் கட்டின் மேலால் வழிவது. இன்னொன்று, கட்டின் உள்ளே மண் அரிந்து குழாய் போல வழி விழுவது.

மேலால் வழிவதைப் பற்றி மலையகத்தில் ஒரு தவறான தைரியம் இருக்கிறது. காசல்ரீ வான் பாய்வதைப் பார்த்துப் பழகியவர்கள், அணைக்கு மேலால் தண்ணீர் போவது அழகான காட்சி என்று நினைக்கலாம். அது கொங்கிரீட் அணை. வழிவதற்கென்றே கட்டப்பட்டது. மண் கட்டின் மேலால் தண்ணீர் வழிந்தால் வெளிச்சரிவை மேலிருந்து கீழாக வெட்டத் தொடங்கும். ஓர் இடம் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் போதும், தண்ணீர் எல்லாம் அங்கே சேரும். அங்கே வெட்டு ஆழமாகும், ஆழமாக ஆக இன்னும் தண்ணீர் சேரும். பிறகு நிறுத்த வழியில்லை.

இதைத் தடுப்பதற்காக உள்ளதுதான் வான். கட்டின் ஒரு முனையில், பாறை அல்லது கல் பதித்த தரையில், கட்டின் உச்சியைவிடத் தாழ்வாக, மிஞ்சும் தண்ணீர் போக விட்ட வழி. தோட்டத்துக் குளங்களில் நான் அதிகம் பயப்படுவது இந்த வான்களைப் பற்றித்தான். நூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் அன்றைய மழைக்கும் அன்றைய மலைக்கும் கணக்குப் பார்த்து வைத்த அகலம் அது. அதற்குப் பிறகு மேலே காட்டை வெட்டி மரக்கறி போட்டாயிற்று, பாதைக்குத் தார் போட்டாயிற்று, வீடுகள் வந்தன. பழைய வடிகான்கள் தூர்ந்து போயின. முன்பு காடு குடித்து மெதுவாக விட்ட மழை இப்போது ஒரே மூச்சில் குளத்துக்கு வருகிறது. வான் மட்டும் அதே அகலம். சில இடங்களில் அதைவிடக் குறைவு. குப்பை, மூங்கில், சரிந்த மண், யாரோ தாண்டிப் போகப் போட்ட மரக்கட்டை எல்லாம் அதில் கிடக்கும். வரட்சிக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் பிடிக்கலாமே என்று மண்மூட்டை அடுக்கி வானை உயர்த்தி வைக்கும் வழக்கமும் உண்டு. கோடையில் அது புத்திசாலித்தனமாகத் தெரியும். மழை தொடங்கு முன் எடுக்க மறந்தால், கட்டுக்கு இருந்த ஒரே பாதுகாப்பை நாமே எடுத்துவிட்டோம் என்று அர்த்தம்.

குளத்தில் மீன் விட்டிருந்தால் வானுக்குக் குறுக்கே வலை கட்டுவார்கள். இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவின் ஜோன்ஸ்டவுன் கதையைச் சொல்ல வேண்டும். மலையில் ஒரு பழைய மண் அணை. பணக்காரர்கள் மீன்பிடித்துப் பொழுதுபோக்கும் கழகம் ஒன்று அதை வைத்திருந்தது. வண்டி போவதற்காகக் கட்டின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமல் இருக்க வானுக்குத் தடுப்பு வைத்தார்கள். அடியில் இருந்த வெளியேற்றுக் குழாய்கள் ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தன, திரும்பப் போடவில்லை. 1889 மே 31 பெருமழையில் தடுப்பில் குப்பை அடைத்து, தண்ணீர் மேலால் வழிந்து, கட்டு போய், கீழே இருந்த நகரத்தில் 2200 பேருக்கு மேல் இறந்தார்கள். தாழ்ந்த உச்சி, அடைத்த வான், இல்லாத குழாய். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சில்லறைக் குறைதான்.

இனி உள்ளே அரிப்பது. இது பார்வைக்குத் தெரியாமல் நடப்பதால் கடினமானது. பெரும்பாலும் துருசுக் குழாயை, அதாவது குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் மதகின் குழாயை, ஒட்டித் தொடங்கும். மண்ணை அடித்து இறுக்கும்போது குழாயின் அடிப்பக்கத்தில் சரியாக இறுகாது. பழைய இரும்புக் குழாய் என்றால் துருப்பிடித்து ஓட்டை விழும். அந்த இடைவெளியில் ஊரும் தண்ணீர் வெளிப்பக்கத்திலிருந்து மண்ணை ஒரு துகள், இரண்டு துகள் என்று எடுக்கத் தொடங்கும். அரிப்பு வெளியிலிருந்து உள்நோக்கிப் போகும். அது குளத்துத் தண்ணீரைத் தொடும் வரைக்கும் வருடக்கணக்காகலாம். தொட்ட பிறகு மணிக்கணக்குத்தான். கட்டின் உச்சியிலோ சரிவிலோ காரணமில்லாமல் ஒரு குழி விழுந்தால், குளத்துக்குள் கரையோரம் தண்ணீர் சுழித்தால், இந்த வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

மரமும் இதே வழிக்குத்தான் கொண்டுபோகும். கட்டில் வளர்ந்த யூக்கலிப்டசும் அல்பீசியாவும் பார்க்க உறுதியாக, மண்ணைப் பிடித்து வைத்திருப்பது போலத் தெரியும். காற்றில் வேரோடு சாய்ந்தால் கட்டில் பாதியை அள்ளிக்கொண்டு போகும். வெட்டி விட்டால் உள்ளே வேர் உக்கி, வேர் இருந்த இடமெல்லாம் பொந்தாகும். அதனால்தான் கட்டில் புல் மட்டும் இருக்க வேண்டும், கன்றாக இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும் என்கிறார்கள். பெரிய மரம் ஏற்கெனவே நின்றால், தெரிந்த ஒருவரைக் கேட்காமல் வெட்டக் கூடாது. வேரைத் தோண்டி எடுத்து, அந்தக் குழியை நல்ல மண்ணால் அடுக்கடுக்காக இறுக்கி நிரப்புவது குளம் வற்றியிருக்கும் காலத்தில் செய்ய வேண்டிய வேலை. முள்ளம்பன்றி வளை, எலி வளை, நண்டு வளை, கறையான் புற்று, பன்றி கிளறிய இடம் எல்லாம் இதே ஆபத்தின் சின்ன வடிவங்கள்.

கசிவு என்றாலே முடிந்தது என்றில்லை என்பதற்கு மலைநாட்டின் தெற்கு ஓரத்திலேயே சாட்சி இருக்கிறது. பெலிஹுல்ஓயாவுக்குப் பக்கத்தில் சமனலவெவ அணை. 1992இல் நீர் நிரப்பியபோது வலது கரை மலைக்குள்ளால் பெருங்கசிவு வெளிப்பட்டது. அடைக்கப் பல முயற்சி நடந்தும் முழுதாக நிற்கவில்லை. ஆனாலும் அந்த அணை இன்றைக்கும் மின்சாரம் தருகிறது. வெளியேறும் தண்ணீர் கீழே கல்தோட்ட விவசாயிகளுக்குப் பயன்படுகிறது. எவ்வளவு வருகிறது என்று அளக்கிறார்கள், மாற்றத்தைக் கவனிக்கிறார்கள். பெரிய கசிவை அளந்துகொண்டு வாழ முடிகிறது. சின்னக் கசிவை அளக்காமல் விடுவதில்தான் ஆபத்து.

மலையகத்துக்கு மட்டும் உரிய மூன்றாவது ஆபத்து ஒன்று உண்டு. குளத்துக்கு மேலே இருக்கும் மலை. 1963இல் இத்தாலியின் வஜோன்ட் அணைக்குள் மலை ஒன்று சரிந்து விழுந்தது. அணை அசையவில்லை. ஆனால் அதன் மேலால் எழுந்த அலை ஏறத்தாழ 2000 பேரைக் கொன்றது. அது மிக உயர்ந்த கொங்கிரீட் அணை. நம்முடைய சின்ன மண் கட்டுக்கு மேலே ஒரு தேயிலைச் சரிவு வழுக்கி விழுந்தால், அலை தாண்டும்போது கட்டும் சேர்ந்து போகலாம். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் எத்தனை சரிவுகளை ஒரே நாளில் இறக்கியது என்பதைப் பார்த்தவர்கள் இதைக் கற்பனை என்று ஒதுக்க மாட்டார்கள். ஆகவே கட்டைப் பார்க்கப் போகிறவர் திரும்பி மேலே மலையையும் பார்க்க வேண்டும். புதிதாக வெடிப்பு விழுந்திருக்கிறதா, மரங்கள் சாய்ந்து நிற்கின்றனவா, எப்போதும் வரும் ஊற்று திடீரென்று நின்றதா, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பியதா என்று.

சரி, யார் பார்ப்பது? என் மனதை அதிகம் உறுத்துவது இந்தக் கேள்விதான். 80 ஹெக்டயருக்கு, அதாவது 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் அதற்கு உண்டு. அதைவிடப் பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களங்களிடம். மின்சாரத்துக்கானவை மின்சாரத் துறை நிறுவனங்களிடமும் மகாவலி அதிகார சபையிடமும். 2008இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய அணைப் பாதுகாப்புத் திட்டம் முப்பதுக்கும் மேற்பட்ட பெரிய அணைகளைத் திருத்தியது. நல்ல வேலை. ஆனால் தோட்டத்துக் குளம் எந்த வயலுக்கும் பாய்வதில்லை, எந்த மின்கம்பிக்கும் இணைவதில்லை. துரைமார் கட்டினார்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டத்தோடு சேர்த்து அரசாங்கத்துக்கு வந்தது. 1992இல் தோட்ட நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனபோது குளமும் கூடவே போனது. கட்டியபோது வரைந்த படம் இத்தனை கை மாறியதில் எங்கே போனதோ. பிரதேச சபையைக் கேட்கலாம் என்றால், தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபைகள் வேலை செய்ய இருந்த சட்டத் தடை 2018இல்தான் நீங்கியது. தொழிற்சாலை தேசிய மின்சாரத்துக்கு மாறிய பிறகு டர்பைன் குளத்தால் நிர்வாகத்துக்கு வருமானமும் இல்லை. பயன் போன அணையைப் பராமரிக்கக் காசு ஒதுக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் அதில் தண்ணீர் இன்னும் நிற்கிறது.

தெரிந்தும் நடக்காமல் போவது நமக்குப் புதிதல்ல. 2014 அக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. அறிக்கை இருந்தது, ஆட்கள் அதே இடத்தில்தான் இருந்தார்கள். சின்னக் குளங்களைப் பொறுத்தவரை அந்த அறிக்கைகூட இல்லாத நிலை வரக் கூடாது. மாவட்ட மட்டத்தில் ஒரு பதிவேடு வேண்டும். குளம் எங்கே இருக்கிறது, கட்டின் உயரம் என்ன, துருசு வேலை செய்கிறதா, வான் எவ்வளவு அகலம், கீழே எத்தனை குடும்பம், யாருடைய பொறுப்பு. இத்தனைக்கும் கிராம உத்தியோகத்தரும் தோட்ட உத்தியோகத்தரும் சேர்ந்து நடந்தால் போதும். கோடிக்கணக்கில் செலவு வராது.

அதுவரைக்கும் அங்கே இருப்பவர்களே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கட்டின் மேலால் கொழுந்துக்குப் போகிறவர்கள், கட்டுக்கு அடியில் பீலியில் குளிக்கிறவர்கள், இவர்களைவிட அந்தக் கட்டை யாருக்கும் அதிகம் தெரியாது. குறை என்னவென்றால் அவர்கள் பார்த்தது எங்கேயும் எழுதப்படுவதில்லை. “கண்டக்டர் ஐயா, குளத்துக் கட்டுக்கு அடியில சேறாத் தண்ணி வருதுங்க” என்று தோட்ட உத்தியோகத்தரிடம் ஒருவர் சொன்னால், “சரி, பார்க்கலாம்” என்பதோடு அது முடிந்துவிடும். அதையே திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி, கைபேசியில் படம் எடுத்து, கடிதமாகக் கொடுத்து ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கினால் தட்டிக்கழிப்பது கடினம்.

கசிவை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. கசியும் தண்ணீரை ஒரு சின்னக் கானில் சேர்த்து, குழாய்த் துண்டு ஒன்றால் விழ விடுங்கள். 10 லீற்றர் வாளி நிறைய எத்தனை செக்கன் என்று வாரம் ஒருமுறை பாருங்கள், மழையில் தினமும். பக்கத்தில் குளத்தின் மட்டத்தையும் எழுதுங்கள். குளம் உயரும்போது கசிவு கூடுவது இயல்பு. மட்டம் அப்படியே இருக்கக் கசிவு கூடினால் அது செய்தி. வாளித் தண்ணீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி ஓர் இரவு வைத்து, அடியில் மண் படிகிறதா என்றும் பாருங்கள். கொஞ்சம் வசதி இருந்தால் தகரத்தில் 90 பாகை முக்கோணம் வெட்டிக் கானுக்குக் குறுக்கே வைக்கலாம். அந்த வெட்டில் தண்ணீர் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் போனால் செக்கனுக்கு முக்கால் லீற்றர் அளவு. 10 சென்ரிமீற்றர் என்றால் நான்கு லீற்றருக்கும் மேல். உயரம் இரண்டு மடங்கானால் தண்ணீர் ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். கண்ணுக்குக் கொஞ்சம் கூடினதாகத் தெரிவது உண்மையில் கொஞ்சம் இல்லை.

மழைக்கும் ஒரு அளவு வைத்துக்கொள்ளலாம். மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் எல்லைகள் தெரிந்தவையே: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் கவனம், 100 தாண்டினால் தயார் நிலை, 150 தாண்டினால் வெளியேறுதல். அது குளத்துக்காக வைத்த கணக்கு இல்லைதான். ஆனாலும் 75 தாண்டியதும் இரண்டு பேர் டோர்ச் எடுத்துக்கொண்டு போய் வானையும் கட்டின் அடியையும் பார்த்து வருவது என்று ஊரில் பேசி வைத்தால், ஒன்றும் இல்லாத ஊருக்கு அது பெரிய முன்னேற்றம்.

கலங்கல் தண்ணீர் வரத் தொடங்கிவிட்டது என்றால் முதலில் தோன்றுவது அந்த ஓட்டையைச் சேறும் சாக்கும் போட்டு அடைப்பது. அதைச் செய்யக் கூடாது. வெளிப்பக்கத்தில் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே அழுத்தம் கட்டி, பக்கத்தில் வேறு இடத்தில் வெடிக்கும். தண்ணீர் வரட்டும், மண் மட்டும் வரக் கூடாது. அதற்கு, கசியும் இடத்தின் மேல் முதலில் ஆற்று மணல், அதன் மேல் சிறு சல்லி, அதன் மேல் பெரிய கல் என்று அடுக்க வேண்டும். கூடவே துருசைத் திறந்து குளத்தின் மட்டத்தை இறக்க வேண்டும். அவசரமில்லாத நாளில் நாளுக்கு ஓர் அடிக்கு மேல் இறக்க வேண்டாம், வேகமாக இறக்கினால் ஈரமேறிய உட்சரிவு வழுக்கும் என்று சொல்வார்கள். கட்டு போகிற நிலையில் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. துருசு துருப்பிடித்துத் திறக்காத குளத்தில் இந்த வழியே அடைபட்டிருக்கும். மழைக்காலத்துக்கு முன் துருசை ஒருமுறை முழுதாகத் திறந்து மூடிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இதெல்லாம் ஆட்களை அப்புறப்படுத்திய பிறகுதான். இரவில் கலங்கல் தண்ணீரையோ கட்டின் மேலால் வழிவதையோ கண்டால், ஒருவர் 117க்கு அழைத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்ல, மற்றவர்கள் ஓடைக்கரை லயங்களை எழுப்ப வேண்டும். ஓடையோடு கீழே ஓடாமல், ஓடையைக் குறுக்கே கடக்காமல், நிற்கும் கரைப் பக்கத்திலேயே பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். கோயிலோ பள்ளிக்கூடமோ, எந்த மேடு என்பதை மழைக்கு முன்பே பேசி முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். அந்த மேடு மண்சரிவு வரக்கூடிய சரிவாக இல்லாமல் பார்ப்பதும் அவசியம். கீழே அதே ஓடையில் இன்னொரு குளம் இருந்தால், பணியக் கணக்கில், அதாவது தோட்டத்தின் கீழ்ப் பிரிவில், இருப்பவர்களுக்கும் உடனே தகவல் போக வேண்டும். மேல் குளம் உடைந்தால் கீழ்க் குளமும் தாங்காது. மழை விட்டதும் பாத்திரம் பண்டம் எடுக்கத் திரும்பி வருவது வழக்கம். மலையில் மழை நின்ற பிறகும் குளத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். குளத்தின் மட்டம் இறங்கிவிட்டது என்று போய்ப் பார்த்தவர் வந்து சொல்லும் வரைக்கும் யாரும் லயத்துக்குத் திரும்பக் கூடாது.